என்னைப் பற்றி ஒரு வரி

ஆகஸ்ட் 3, வியாழன்

தினமும் எழுத வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு மனசு வைத்தியம் பார்க்கிற ஷாஹிதா மேடம் சொல்லிவிட்டார். பையனைப் பற்றி நாலு வரி, என்னைப் பற்றி ஒரு வரி. "நல்லா எழுதணும்னு இல்லைங்க. நடந்ததை எழுதினாப் போதும்" என்றார். பன்னிரண்டாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவள் நான். டைரிகூட என்னுடையது இல்லை, வீட்டுக்காரருடையது. சாயப்பட்டறைக்காரர் யாரோ பொங்கலுக்குக் கொடுத்தது. டெம்போ ஓட்டுகிறவருக்கு டைரி எதற்கு என்று அப்போதே கேட்டேன். "சும்மா தர்றாங்க, வாங்கி வெப்போம்" என்றார். ஜனவரியிலிருந்து ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

முதலில் பையன். பெயர் தரணிஷ், மூன்றாம் வகுப்பு. ஜூன் கடைசியில் அவன் அப்பா டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கினவர் அப்படியே சரிந்து விழுந்தார். மாரடைப்பு. கொள்ளி வைத்தது தரணிதான். அன்றைக்கு மொட்டையடித்த தலையில் இப்போது முடி முள் முள்ளாக முளைத்திருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய வாரத்திலிருந்து அவன் பள்ளிக்கூடம் போவதில்லை. என்னை விட்டு நகர்வதும் இல்லை.

நகர்வதில்லை என்றால் சேலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவான் என்று நினைக்க வேண்டாம். தொடவே மாட்டான். பார்ப்பான், அவ்வளவுதான். நான் சமைத்தால் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்ப்பான். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ம்மா?" என்பான். நான் உள்ளேயிருந்து "ம்" சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு "ம்" தவறிப்போனால் கதவை இடிப்பான். எங்கள் லைன் வீட்டில் எல்லாரும் அவனை அம்மா கோண்டு என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மேடத்தின் அறை நிறையப் பொம்மை. அவன் ஒன்றையும் தொடவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, மேடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. தன் நாற்காலியையும் தூக்கிவந்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவன் பார்க்கிற பக்கமே பார்த்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது. பஜ்ஜிதான் இல்லை.

கொஞ்ச நேரத்தில் "பசிக்குதும்மா" என்றான். வெளியே வந்து பன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இது ஒரு புதுப் பழக்கம். எந்நேரமும் பசிக்குது என்பான், தட்டு வைத்தால் தொட மாட்டான்.

என்னைப் பற்றி: ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே வாந்தி. வெறும் தண்ணீர்தான் வந்தது. ஹெச்.எம். நல்ல மனுஷி. "காலாண்டுப் பரீட்சைக்குள்ள வந்துட்டான்னா நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேனுங்க. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். ஆட்டோவில் திரும்பி வந்தோம். வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

என்னைப் பற்றி: ரசம் வைத்தேன். உப்பு போட்டேனா என்று தெரியவில்லை. சாப்பிட்ட பிறகும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்றும் அவனைக் கம்பெனிக்குத்தான் கூட்டிப் போனேன். வேறு வழியில்லை.

எனக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப் லைட் போட்ட மேஜையில் ஒவ்வொரு பீஸாக எடுத்து, கழுத்து, தோள், பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். சரி செய்வது வேறு ஆட்கள். பத்து வருஷமாக இதே வேலைதான். மனுஷர்களைப் பார்த்தாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றுதான் கண் போகும். என் மேஜைக்கு எதிர்ப்பக்கம் சரசக்கா. எங்கள் லைனிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். வாய் ஓயாது, கை அதைவிட வேகம்.

தரணி மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து என்னை எப்படிப் பார்ப்பானோ, பார்த்தான். ஒரு ஸ்டிக்கர் ரோலை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் அடுத்த பீஸை எடுத்தேன்.

என்னைப் பற்றி: ஒரு பீஸை வெகுநேரம் கையில் வைத்திருந்தேனாம். சரசக்கா சொன்னாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நேற்றைப் போலவே.

ஆகஸ்ட் 10, வியாழன்

மேடம் இன்று மரவீட்டையும் குட்டிக் குட்டி ஆட்களையும் எடுத்துக் கீழே பரப்பினார். தரணி கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தான். நான் தெரிகிற மாதிரிதான். அப்பா பொம்மையைத் தனியாக எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தான். "அவரு எங்க போறாரு?" என்று மேடம் கேட்டார். "சாமி ஆயிட்டாரு" என்றான், பஸ் ஏறிவிட்டார் என்கிற மாதிரி. அம்மா பொம்மையை வீட்டுக்குள் வைத்தான். பையன் பொம்மையை அதற்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்தினான்.

"இவன் என்ன பண்றான்?"

"பாக்கறான்."

"எதுக்கு?"

"சும்மா."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தோ என்னவோ, மேடம் டிஷ்யூ பேப்பர் டப்பாவை என் பக்கம் தள்ளினார். வரவில்லை. வீட்டுக்காரர் இறந்த அன்றும் வரவில்லை. "அழுதுரு பூங்கொடி, அழுதுரு" என்று எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். எங்கேயிருந்து அழுவது? டப்பாவைத் திருப்பித் தள்ளுவது மரியாதையாக இருக்காது என்று இரண்டு பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி துடைக்க ஆகும்.

என்னைப் பற்றி: பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 12, சனி

சூப்பர்வைசர் கதிர்வேல் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பூங்கொடி, தப்பா எடுத்துக்காதம்மா. இருபத்தொண்ணாந்தேதி வெளிநாட்டுக்காரங்க ஆடிட் வருது. கம்பெனிக்குள்ள ஒரு கொழந்தையப் பாத்தாங்கன்னா, வேலைக்கு வெச்சிருக்கோம்னு எழுதிப்போட்டுப் போயிருவாங்க. ஆர்டரே போயிரும். பையன ஸ்கூலுக்கு அனுப்பிப்போட்டு வா. அது வரைக்கும் உன்ற எடத்துல ஆள் போடாம பாத்துக்கறேன். காலாண்டு லீவு வரைக்கும்தான் என்னால இழுக்க முடியும்."

சரிங்க என்றேன்.

சரசக்காதான் கத்தினாள். "என்னத்தச் சரிங்கற? வேலை போனா நீயும் பையனும் என்ன பண்ணுவீங்க? வாயத் தொறந்து பேசு அம்முணி!" வாயைத் திறந்துதான் சரிங்க என்றேன்.

என்னைப் பற்றி: கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பெருந்துறையிலிருந்து பெரியப்பா வந்தார். தரணிக்குப் பெரியப்பா, எனக்கு வீட்டுக்காரரின் அண்ணன். வேலுச்சாமி என்று பெயர். ஒரு சீப்பு வாழைப்பழமும் நிறைய யோசனையும் கொண்டுவந்தார். பழம் நன்றாக இருந்தது.

"டாக்டரம்மாவெல்லாம் எதுக்கு? பையன் மெரண்டிருக்கான், அவ்வளவுதான். மந்திரிச்சுக் கயிறு கட்டினாச் சரியாப் போகுது" என்றார். கயிறும் கையோடு கொண்டுவந்திருந்தார். தரணி கையை நீட்டிக் கட்டிக்கொண்டான், கண்ணை மட்டும் என் மேல் வைத்துக்கொண்டு. "பாரு, எங்கிட்டக்கூட மொகம் குடுத்துப் பேசமாட்டீங்கறான். ஆம்பளப் பையன் இப்படி முந்தானைக்குள்ளயே இருந்தா உருப்படுவானா? காலாண்டு வரைக்கும் பாப்போம் பூங்கொடி. அதுக்கும் போகலீன்னா எங்க பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது, அங்க சேத்தி உட்டரலாம். உன்னையப் பிரிஞ்சாத்தான் தெளிவான்."

சரிங்க என்றேன்.

தரணி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான், ஆனால் இது வேறு. "பசிக்குதும்மா" என்றான். வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "பசிக்குதும்மா, பசிக்குதும்மா" என்று நிறுத்தாமல் சொன்னான். எனக்கு எரிச்சலாகி, "பசிச்சாத் தின்னுடா, இல்லன்னா பேசாம கெட" என்று அதட்டினேன். பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

என்னைப் பற்றி: என் பிள்ளையை அனுப்புகிற பேச்சு. எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கம்பெனி லீவு, எனக்குத் தினமும் லீவு. லைனில் பிள்ளைகள் கொடி குத்திக்கொண்டு மிட்டாய் தின்றன. மதியம் துணி துவைத்தேன். மாடியில் காயப்போடவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போடுகிறேன். ஈரவாடை அடிக்கிறது.

என்னைப் பற்றி: அதுதான், ஈரவாடை.

ஆகஸ்ட் 17, வியாழன்

மேடம் இன்று பெரிய தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, "உங்க வீட்டை வரைஞ்சு காட்டு" என்றார். தரணி எங்கள் லைனை அப்படியே வரைந்தான். கீழே நாலு கதவு, மேலே நாலு கதவு, ஓரமாகப் படிக்கட்டு, மொட்டை மாடி, அதில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க். சரசக்கா வீட்டு வாசல் கோலத்தைக்கூட விடவில்லை. படம் முடிந்ததும் பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்தான்.

"அது என்ன?" என்றார் மேடம்.

"எங்கம்மா கம்பெனிது. எங்க மிஸ்டேக் இருக்கோ அங்க ஒட்டோணும்."

"அப்படியா? இந்த வீட்டுல எங்கயாச்சும் மிஸ்டேக் இருக்கா?"

அவன் ஒரு அம்பை உரித்தான். விரலில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு மாடியில், டேங்குக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரின் ஓரமாக ஒட்டினான். நகத்தால் நன்றாகத் தேய்த்தும் விட்டான்.

"அங்க என்ன ஆச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். "டேங்க் ஒழுகுதுங்க மேடம். ஹவுஸ் ஓனர்கிட்டச் சொல்லியிருக்கு" என்று நானே பதில் சொன்னேன்.

மேடம் தரணியைக் கேட்டார். "டேங்க் ஒழுகுதா?" அவன் "பசிக்குதும்மா" என்றான்.

மேடம் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். எப்படிப் பேசுவது? அவன்தான் வெளியே போக மாட்டானே. நான் வெளியே போனாலும் பின்னாலேயே வருவான். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். ஏன் நல்லவேளை என்று இந்தப் பக்கத்தில் எழுத இடமில்லை.

என்னைப் பற்றி: பச்சைப்பயறு ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

என்னைப் பற்றி: டேங்க் ஒழுகவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

மேடம் போன் பண்ணினார். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, வீட்டில் துணைக்கு யார் என்று கேட்டார். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் பிள்ளைகளுக்குத்தானே பார்க்கிறார், என்னை எதற்கு விசாரிக்கிறார் என்று தோன்றியது. "வியாழக்கிழமை கண்டிப்பா வாங்க" என்று இரண்டு முறை சொன்னார். அதற்கு முன்னால் மனசு ரொம்பச் சரியில்லை என்றால் எந்நேரமானாலும் கூப்பிடச் சொல்லி இன்னொரு நம்பரும் கொடுத்தார்.

கம்பெனியில் இன்று ஆடிட். சரசக்கா வந்து சொன்னாள்: "எல்லாரையும் சிரிச்ச மொகமா இருக்கச் சொன்னாங்க. நானு காலையில இருந்து பல்லக் காட்டிக் காட்டி வாயே வலிக்குது." எனக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. முகம் அசையவில்லை.

என்னைப் பற்றி: மேலே எழுதியதுதான்.

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மேடம் தரையில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். "தரணி, நான் உங்கம்மாகிட்ட ஒரு கேள்வி கேக்கப் போறேன். பெரியவங்க கேள்வி. ஆனா உனக்குத் தெரியாத விஷயம் இல்லன்னு நினைக்கிறேன். அதனால நீயும் இருக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். குரலைத் தாழ்த்தவில்லை, இழுக்கவும் இல்லை. "மாடிக்குப் போனப்போ, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுச்சாங்க?"

"துணி எடுக்கப் போனேனுங்க."

"கொடியில துணியே இல்லியே" என்றான் தரணி.

அவன் சொல்லிக்கொண்டு போனான். பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னான். "எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. அம்மா மாடிக்குப் போச்சு. ரொம்ப நேரமா வல்ல. நான் போயிப் பாத்தேன். அம்மா செவுத்துக்கிட்ட நின்னுட்டிருந்துச்சு. செருப்பக் கழட்டி வெச்சிருந்துச்சு. நான் அம்மான்னு கூப்டேன். திரும்பல. மறுபடியும் கூப்டேன். அப்பவும் திரும்பல. பசிக்குதும்மான்னு சொன்னேன். அப்பத்தான் திரும்புச்சு. கீழ வந்து தோசை சுட்டுக் குடுத்துச்சு."

அவனே மேலும் சொன்னான். "அப்பாவுக்குக் கொள்ளி வெச்சுட்டு வாரப்ப பெரியப்பா சொன்னாரு. இனி நீதாஞ்சாமி அம்மாவப் பாத்துக்கோணும்னு. நான் பாத்துட்டேதான் இருக்கறேன். ஸ்கூலுக்குப் போனா எப்படிப் பாக்கறது? கேட்டுலருந்து எங்க வீடு தெரியாது."

பாத்துக்கோணும். எல்லாரும் சொல்கிற சொல்தான். எழவு வீட்டில் மூத்த பையன் தோளைத் தட்டி, யாராவது ஒரு பெரியவர் சொல்லாமல் இருக்க மாட்டார். வளர்ந்த பிறகு சம்பாதித்துக் காப்பாற்று என்று அர்த்தம். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த அர்த்தம் எங்கே தெரியும்? பார் என்றார்கள், பார்த்தான். அவன் பார்த்ததும் சரியாகப் போயிற்றே. அவன் பார்க்கப் போய்த்தானே நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பன், வாழைப்பழம், எத்தனை தட்டு சோறு. அத்தனைக்கும் நான் திட்டியிருக்கிறேன். பிள்ளைக்குப் பசியே இல்லை. என் முகம் அந்த மாதிரி ஆகும்போதெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அன்றைக்கு வேலை செய்த சொல் அது ஒன்றுதான்.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டது. வெட்கமாக இருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக எனக்கு ஒன்று தோன்றியது என்றால் அது வெட்கம்தான். அதுவாவது வந்ததே.

"ஆமாங்க மேடம். தோணுச்சுங்க" என்றேன்.

"இப்பவும் தோணுதா?"

"எப்பவாச்சுமுங்க."

மேடம் எழுந்தார். "சொன்னதுக்கு நன்றிங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கலாம்" என்றார். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. எங்களோடு அவரே நடந்து வந்து, அதே ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்குப் பார்க்கிற டாக்டரிடம் உட்கார வைத்தார். தரணியும் வந்தான். டாக்டர் என்னைச் சோதிப்பதை அவன் சோதித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் சரசக்காவிடம் சொன்னேன். வாய் ஓயாதவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குக் கொடுத்த மாத்திரைகளையும் வாங்கிவைத்துக்கொண்டாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது.

என்னைப் பற்றி: ஆமாம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மாத்திரை போட்டால் வாய் உலர்கிறது. வேறு மாற்றம் தெரியவில்லை. தெரிவதற்கு நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

மேடம் வரச் சொல்லி பெரியப்பா வந்திருந்தார். குட்டி நாற்காலியில் அவரை உட்கார வைத்தது கண்கொள்ளாக் காட்சி. முட்டி இரண்டும் தாடையைத் தொட்டன. நடந்ததையெல்லாம் மேடம் பொறுமையாகச் சொன்னார். மாடிக் கதையை நான் சொன்னேன். அவர் தரணியின் கயிறு கட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேர் சொல்றதுதானுங்க மேடம் நானும் சொன்னது. எங்கப்பன் போனப்ப எனக்கும் அதேதான் சொன்னாங்க. அப்ப இவனாட்டத்தானுங்க இருந்தேன் நானும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைலருந்து எங்கயும் நான் நிம்மதியா உக்காந்ததில்லீங்க" என்றார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று இருந்தது.

மேடம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அன்றைக்குக் கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் வாய்தான் அதை வாங்கவும் முடியும்.

பெரியப்பா தரணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாமி, பெரியப்பன் தெரியாம சொல்லிப்போட்டேன். அது உன்ற வேலை இல்ல. அந்த வார்த்தைய நான் திரும்ப வாங்கிக்கறேன். இனி உங்கம்மாவ நாங்க பெரியவங்க பாத்துக்கறோம்."

தரணி யோசித்தான். "நீங்க பெருந்துறையில இருக்கறீங்க. அம்மா இங்க இருக்குது. எப்படிப் பாப்பீங்க?"

நியாயமான கேள்வி. பெரியப்பா திருதிருவென்று முழித்தார். மேடம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சரசக்கா இருக்காங்க" என்றேன் நான். "நான் சரச அத்தையக் கேக்கோணும்" என்றான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரியப்பா ஹாஸ்டல் பேச்சை மறுபடி எடுத்தார், பழக்க தோஷம்.

"அனுப்பமாட்டேனுங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். நானும்தான் திரும்பிப் பார்த்தேன், யார் பேசியது என்று.

என்னைப் பற்றி: அனுப்ப மாட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

சரசக்காவை தரணி விசாரணை செய்தான். அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அத்தே, கம்பெனியில நீங்க அம்மாவுக்கு எதுத்தாப்புலதான உக்காருவீங்க?"

"ஆமாண்டா கண்ணு."

"நீங்க பாத்ரூம் போனா?"

"பக்கத்து மேசைக்காரிகிட்டச் சொல்லிப்போட்டுப் போறேன்."

"நீங்க ஊருக்குப் போனா?"

"உங்கம்மாளையும் இழுத்துட்டுப் போறேன்."

"அம்மா திரும்பலன்னா என்ன சொல்லுவீங்க?"

சரசக்காவுக்குக் கை நின்றுவிட்டது. "நீ என்ன சொன்னே?"

"பசிக்குதுன்னு."

"அப்ப நானும் அதையே சொல்றேன்" என்றாள். அவளுக்குத்தான் அழுகை வந்தது. மாவுக் கையோடு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தரணி அவளிடமிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி அவளைப் பார்த்தான். கையிலிருந்த பையை யாரிடம் கொடுக்கலாம் என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

என்னைப் பற்றி: முறுக்கு காரம். காரம் தெரிந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

மேடம் சொன்னபடி பள்ளிக்கூடம். இன்று முதல் பீரியட் மட்டும். கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில், அவன் வகுப்பு ஜன்னலுக்கு நேராக நான் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். ஜன்னலில் அவன் தலை தெரிந்துகொண்டே இருந்தது. பாடம் ஒரு எழுத்து ஏறியிருக்காது. வாந்தி எடுக்கவில்லை.

என்னைப் பற்றி: எறும்பு கடித்தது.

செப்டம்பர் 11, திங்கள்

எல்லாம் கெட்டது. மரத்தடியிலிருந்து எழுந்து கேட்டுக்கு வெளியே போக வேண்டிய நாள் இன்று. போனேன். ஓடிவந்துவிட்டான். செருப்பில்லாமல், மிஸ் பின்னால் ஓடிவர, ரோட்டைப் பார்க்காமல் ஓடிவந்தான். ஒரு வண்டிக்காரர் பிரேக் போட்டதால் தப்பித்தான். என்னைப் பார்த்ததும் "பசிக்குதும்மா, பசிக்குதும்மா" என்றான்.

என்னைப் பற்றி: பயந்தேன். நிஜமாகப் பயந்தேன். இவன் போய்விட்டால் என்று நினைத்தேன். இவன் என்னைப் பற்றி இப்படித்தானே இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்.

செப்டம்பர் 14, வியாழன்

மேடத்திடம் எல்லாம் கெட்டது என்றேன். "கெடலைங்க, பின்னாடி ஒரு அடி வந்திருக்கு. நாம அவன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டோம்" என்றார். பெரியப்பா சொல்லியாயிற்று, சரசக்கா சொல்லியாயிற்று. நான்தான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மேடம் எழுதிக் கொடுப்பார் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை.

தரணியைப் பார்த்துச் சொன்னேன். "அன்னைக்கு மாடியில அம்மாவுக்கு ரொம்பச் சீக்கு. காய்ச்சல் மாதிரி, ஆனா மனசுல. இப்ப மாத்திரை சாப்புடறேன். மறுபடி அப்படித் தோணுச்சுன்னா நான் வாயத் தொறந்து சொல்லுவேன். உங்கிட்ட இல்ல. சரசக்காகிட்டயும் டாக்டர்கிட்டயும். அது எங்க வேலை. நீ என்னைய நல்லாப் பாத்துக்கிட்டே சாமி. நீ கூப்பிட்டதாலதான் திரும்பினேன். இனி நீ கூப்புடாமயே திரும்புவேன்."

"சத்தியமா?"

கையில் அடித்துச் சத்தியம் பண்ண வாய் வரவில்லை. பொய்ச் சத்தியம் இவனிடம் செல்லாது. "மறுபடி தோணவே தோணாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. தோணுனா சொல்லுவேங்கறது சத்தியம்" என்றேன்.

அவன் என் முகத்தை நன்றாகப் பார்த்தான். கழுத்து, தோள், பக்கத் தையல், கீழ் மடிப்பு எல்லாம். பிறகு பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்து என் மடியில் வைத்தான். "கம்பெனியில குடுத்துரு. திருடிட்டம்பாங்க."

வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கும்போது அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். தரணி வாசலில் நின்று பார்த்தான். கூப்பிடவில்லை. போய்ச் சரசக்காவைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு விளையாடப் போய்விட்டான்.

என்னைப் பற்றி: மேலே எழுதியாயிற்று. மடித்து வைத்த டிஷ்யூ பேப்பர் பையிலேயே கிழிந்து போயிருந்தது. முந்தானையில்தான் துடைத்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

மதியம் வரை இருந்தான். நான் எதிர்ச் சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடை. அங்கே போக முடியாது என்றுதான் நினைத்தேன். போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தேன். இதே மாதிரி ஒரு கடையில்தான் அவர் கடைசி டம்ளரை வாங்கினார். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும்.

என்னைப் பற்றி: அவர் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 25, திங்கள்

இன்று கம்பெனிக்குப் போனேன். தரணி பள்ளிக்கூடத்துக்குப் போனான், முழு நாள். வேனில் ஏறும்போது "பாத்துப் போ சாமி" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. "நீ பாத்துப் போம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடப் போய்விட்டான்.

கதிர்வேல் ஸ்டிக்கர் ரோலை வாங்கி, "இது எங்க போச்சுன்னு ஸ்டோர்ல ஒண்ணரை மாசமாத் தேடறாங்க" என்றார். சரசக்கா எதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினாள். நடுநடுவே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பசிக்குதா பூங்கொடி?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் "இல்லக்கா" என்றேன். ஒரு தடவை சிரிப்பு வந்துவிட்டது. பீஸ் கையில் நிற்கவில்லை, ஓடியது.

சாயங்காலம் தரணி வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு "பசிக்குதும்மா!" என்று கத்தினான். எனக்குத் திக்கென்றது. என் முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் முகம்தான். தோசை ஊற்றிக் கொடுத்தேன். தின்றான். இன்னொன்று என்றான். அதையும் தின்றான். தட்டைப் பார்த்துத் தின்றான். சட்னியில் கடுகைத் தனியாக எடுத்து ஓரத்தில் ஒதுக்கினான். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவன் தின்கிறபோது குளிக்கப் போனேன். கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்து, வெகுநேரம் நின்றேன். கதவுக்கு வெளியே "ம்மா?" என்ற குரலே இல்லை. வழக்கத்தை விட முடியாமல் நானாகவே "ம்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

வந்து பார்த்தால் தட்டு காலி. மாவுப் பாத்திரத்தையும் வழித்து ஊற்றச் சொல்லி, சரசக்காவைக் கூப்பிட்டுச் சுடவைத்துத் தின்றிருக்கிறான். எனக்கு ஒரு தோசை மிச்சமில்லை. கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டேன்.

என்னைப் பற்றி: பசித்தது.